நான் ஓடவிடாத கடைசி இரண்டு நிமிடம்

டேப் நாற்பதாவது நிமிடத்தைத் தாண்டியபோது என் கட்டைவிரல் நிறுத்தும் பொத்தானின் மேல் இருந்தது. அமுக்கவில்லை. சும்மா வைத்திருந்தேன்.

இடது பக்கம் சாமுவேல் சார்வாள், கண்ணை மூடிக்கொண்டு. வலது பக்கம் சுலைமான் பாய், கேசட் ஓடும் சின்னக் கண்ணாடி ஜன்னலை விட்டுக் கண் எடுக்காமல். யாரும் பேசவில்லை. எங்கள் தெருவே பேசவில்லை.

மாதத்தில் ஒரு நாள் பராமரிப்புக்காக எங்கள் ஊரில் கரண்டை நிறுத்துவார்கள். காலை ஒன்பது மணிக்குப் போனால் மத்தியானம் இரண்டு மணிக்கு வரும். சங்கரன்கோவிலில் விசைத்தறிச் சத்தம் இல்லாத பகல் அது ஒன்றுதான். தறி ஓடினால் தரை அதிரும், தரை அதிர்ந்தால் மேசை அதிரும், மேசை அதிர்ந்தால் கேசட்டின் ஓட்டத்தில் ஒரு நடுக்கம் விழும். அதனால் முக்கியமான டேப் எதுவானாலும் நாங்கள் அந்த ஐந்து மணி நேரத்தில்தான், லாரி பேட்டரியும் இன்வெர்ட்டரும் வைத்து ஓட்டுவோம். ஊரே விசிறி இல்லாமல் வேர்த்துக்கொண்டு கரண்ட் எப்போது வரும் என்று கேட்கும். நாங்கள் மூன்று பேர் மட்டும் வந்துவிடக் கூடாதே என்று உட்கார்ந்திருப்போம்.

அன்றைக்கு எனக்கு வேறு பயம்.

ஐந்தாம் வகுப்பும் ஃப்ரீ ஜாஸும்

முதல் நான்கு தறி வாங்கிய கதையைப் போன வாரம் எழுதியிருந்தேன். அதைப் படித்த வாசகர் ஒருவர், ‘தறிக்காரருக்கு ஜாஸ் எங்கிருந்து வந்தது?’ என்று கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் பிரிந்தோம். பதினெட்டு வயதில் தூத்துக்குடியில் கப்பல் ஏறினேன். எஞ்சின் அறையில் எண்ணெய் விடுகிற வேலை. அந்த வேலையில் இருந்து மேலே வந்து, சொந்தத் தறிக்கூடம் போட்டு, வெளிநாட்டுக்காரர்கள் கடிதம் எழுதித் தேடுகிற அளவுக்கு ஒலிநாடாக்கள் சேர்த்தவன் இந்த மாவட்டத்தில் இன்னொருவன் இருந்தால் முகவரி அனுப்புங்கள், போய்க் கும்பிட்டுவிட்டு வருகிறேன்.

ஃப்ரீ ஜாஸ் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு: ராகம் இது, தாளம் இது என்று முன்னால் பேசி வைத்துக்கொள்ளாமல் மேடையேறி வாசிப்பது. மூன்று பேர் இருந்தால் மூன்று பேரும் அந்த நேரத்தில் மனதில் வருவதை வாசிப்பார்கள். ஒருவன் போகிற வழியை இன்னொருவன் கேட்டு, சேர்ந்து போவான், அல்லது மறிப்பான். அது ஒரு தடவைதான் நடக்கும். மறுநாள் அதே ஆட்கள் அதே மேடையில் நின்றாலும் அது வராது. அதனால்தான் நேரடிக் கச்சேரியில் எடுத்த டேப்புக்கு எங்களிடம் மதிப்பு.

அந்த டேப்புகளில் இருமல் இருக்கும். கண்ணாடித் தம்ளர் உருளும். நாற்காலி இழுபடும். ஒரு தடவை ஒரு பழைய பதிவை மறுவெளியீடு செய்த கம்பெனிக்காரர்கள், சுத்தம் செய்கிறோம் என்று கூட்டத்தில் ஒருவர் இருமியதைத் துடைத்து எடுத்துவிட்டார்கள். சாமுவேல் சார்வாளுக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை.

“அந்த இருமல் எங்கவே? இருபது வருசமா அந்த மனுசன் இருமுதான். அவன எதுக்குத் தொரத்தணும்?”

புளியங்குடியில் ஆங்கிலம் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவர் அவர். என் டேப்புகளைப் பற்றி உலகத்தோடு கடிதம் எழுதியதெல்லாம் அவருடைய கைதான். இப்போது கம்ப்யூட்டரில் சேகரிப்பாளர்களின் குழு ஒன்றில் எழுதுகிறார். நான் சொல்வேன், அவர் தட்டச்சு செய்வார். நான் சொல்லாததையும் சேர்த்துச் செய்வார்.

சுலைமான் பாய் கேசட் மெக்கானிக். பஸ் ஸ்டாண்டு பக்கம் கடை. இப்போது செல்போன்தான் சரி செய்கிறார். ஆனால் உள்ளே பின்புறம் ஓர் அலமாரி நிறையப் பழைய கேசட் உறுப்புகள் வைத்திருக்கிறார். பாட்டு அவருக்குப் பிடிக்காது. டேப் பிடிக்கும்.

அடித்தளத்தில் ஒரு சாயங்காலம்

ஓடிக்கொண்டிருந்த டேப் ஆன்ட்வெர்ப் துறைமுகத்தில் எடுத்தது. கப்பல் பழுதாகி நாங்கள் அங்கே பல நாள் கிடந்தோம். குளிர்காலம். கடைத்தெருவில் நான் ஒரு டேப் ரெக்கார்டர் வாங்கினேன். மைக்கோடு வந்தது. கப்பலில் சமையல் வேலை பார்த்த மிக்கேல், தூத்துக்குடிக்காரன், என் வயதுதான், அதற்கு ஒரு கேசட் வாங்கினான். அன்று சாயங்காலமே, துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கட்டடத்தின் அடித்தளத்தில் கச்சேரி என்று கேள்விப்பட்டுப் பெட்டியைச் சோதித்துப் பார்க்கலாம் என்று போனோம்.

மூன்று பேர். ஒருவன் சாக்ஸபோன், ஒருவன் ஆளுயரத்துக்குப் பெரிய வயலின் மாதிரி ஒன்று, ஒருவன் டிரம். சுவரெல்லாம் ஈரம். ஈரக் கம்பளிக் கோட்டு வாசனையும் பியர் வாசனையும்.

இதற்குப் பிறகு நடந்ததை நான் பல வருடங்களாக இப்படித்தான் சொல்லி வந்தேன்: மைக்கை மடியில் வைத்து, மூச்சை அடக்கி, நாற்பத்து மூன்று நிமிடம் அசையாமல் உட்கார்ந்து பதிவு செய்தேன். அப்படிச் சொல்லித்தான் நகல்கள் போட்டுப் பல நாடுகளுக்கு அனுப்பினேன். என் பெயரிலேயே அந்த டேப் உலகத்தில் சுற்றுகிறது.

அசையாமல் உட்கார்ந்தவன் மிக்கேல்.

நான் பத்து நிமிடத்தில் எழுந்து போனவன். பன்னிரண்டு மணி நேரம் எஞ்சின் அறையில் நின்றுவிட்டு வந்திருக்கிறேன். அங்கே கேட்ட சத்தத்தையே இங்கே ஒருவன் தொண்டை கிழிய ஊதுகிறான். எங்களைக் கிண்டல் செய்கிறார்கள் என்றே நினைத்தேன். பெட்டியை அவன் மடியில் போட்டுவிட்டு வெளியே வந்து குளிரில் பீடி குடித்தேன்.

பெட்டி என்னுடையது என்பதால் டேப்பும் அதற்குள்ளேயே இருந்து என்னோடு ஊருக்கு வந்துவிட்டது. ‘ஒரு காப்பி போட்டு அனுப்புலே’ என்றான் மிக்கேல். சரி என்றேன்.

தறி சொல்லிக் கொடுத்தது

ஊருக்கு வந்து பழைய தறி நான்கு போட்டேன். நான்கும் நான்கு வேகம். ஒன்றில், நூலை இழுத்துக்கொண்டு குறுக்கே ஓடுகிற நாடா அடிக்கிற சத்தம் முன்னால் விழும், ஒன்றில் பின்னால். எது கெட்டிருக்கிறது என்று காதாலேயே கண்டுபிடிக்க வேண்டும். ஒரு வருடம் அப்படியே காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். ஒரு நாள் கரண்டு போய் நான்கும் ஒன்றன் பின் ஒன்றாக அடங்கியபோது, இதை எங்கேயோ கேட்டிருக்கிறோமே என்று இருந்தது. பெட்டியைத் தேடி எடுத்தேன். அந்த மூன்று பேரும் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டு வாசிப்பது அன்றுதான் எனக்குக் கேட்டது. திரும்பத் திரும்பப் போட்டேன்.

என் மனைவி வந்து நின்று கேட்டாள். “நாலு தறியும் ஒரே நேரத்துல கெட்டுப்போன மாதிரில்லா இருக்கு. இத எதுக்குத் தனியா வேற கேக்கணும்?”

அதுதான் சங்கதி என்று அவளுக்கு விளக்க எனக்கு அன்று வார்த்தை இல்லை. ஆனால் அன்று கேட்டது என் காது. அதில் ஒரு பொய்யும் கிடையாது. அதற்குப் பிறகு நான் தேடிச் சேர்த்த டேப்புகளும் என் உழைப்புதான். இந்த முதல் டேப்பில் மட்டும், யார் எடுத்தது என்று ஒருவர் கடிதத்தில் கேட்டபோது, நான்தான் என்று எழுதச் சொன்னேன். ஒரு தடவை சொன்னதைத் திருப்பி எடுக்க முடியவில்லை.

மிக்கேலுக்குக் காப்பி அனுப்பவில்லை. அனுப்பினால் அவன் யாரிடமாவது போட்டுக் காட்டுவான். டேப்பின் கடைசியில் அவன் குரல் இருக்கிறது. அந்தக் கடைசி இரண்டு நிமிடத்தை வெட்டித்தான் எல்லோருக்கும் நகல் கொடுத்தேன். வீட்டில் போட்டாலும் கைதட்டல் தொடங்கும்போது நிறுத்திவிடுவேன். ‘அதுக்கு மேல ஒண்ணுமில்ல, வெறும் கைதட்டு’ என்பேன். கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் மிக்கேலிடமிருந்து போன் வரும். எடுக்க மாட்டேன்.

வெட்டாமல் வேண்டும்

இந்த வருடம் வெளிநாட்டுச் சின்ன கம்பெனி ஒன்று, அந்த டேப்பை ரெக்கார்டாக அச்சடித்து வெளியிட விரும்புவதாக எழுதியது. எனக்குக் கால் தரையில் படவில்லை. ஆனால் ஒரு நிபந்தனை. பெரிய வயலின் வாசித்தவர் யார் என்று யாருக்கும் தெரியவில்லை. பெயர் தெரியாமல் அவர் குடும்பத்திடம் அனுமதி வாங்க முடியாது. கச்சேரி முடிவில் பெயர்களைச் சொல்லியிருப்பார்களே, உங்கள் நகலில் முடிவு இல்லையே, மூல டேப்பை வெட்டாமல் பதிந்து அனுப்புங்கள் என்றார்கள்.

தனியாகச் செய்துவிடலாம் என்று பார்த்தேன். நடக்கவில்லை. கேசட்டின் உள்ளே டேப்பை அழுத்திப் பிடிக்கிற பஞ்சு விழுந்துவிட்டது. பாய் இல்லாமல் அதைத் திறந்து வேறு கூட்டுக்கு மாற்ற முடியாது. சார்வாள் இல்லாமல் கம்ப்யூட்டரில் ஏற்ற முடியாது.

பாய் டேப்பைக் கூடு மாற்றிவிட்டு, வெயிலில் பிடித்துப் பார்த்தார். “அண்ணாச்சி, ஒரே ஓட்டந்தான். கடைசிப் பக்கம் டேப்பு கசங்கிக் கெடக்கு. எப்பவும் ஒரே எடத்துல நிறுத்தி நிறுத்தி எடுத்துருக்கிய. இனி அங்க நிறுத்துனா உருளையில சுத்திரும். அப்புறம் அள்ளித்தான் போடணும்.”

எப்பவும் ஒரே இடத்தில் நிறுத்தியதை அவர் டேப்பில் பார்த்துவிட்டார். ஏன் என்று மட்டும் கேட்கவில்லை.

என் கணக்கு இதுதான். கைதட்டல் வரும். அந்த நாட்டு மொழியில் ஒருவர் பெயர் வாசிப்பார். அதற்கும் மிக்கேல் குரலுக்கும் நடுவில் நாலைந்து விநாடி இருக்கிறது. அங்கே அமுக்கிவிட்டால் கம்பெனிக்குப் பெயர் கிடைத்துவிடும், எனக்கு மானம் தங்கிவிடும். டேப் போனால் போகட்டும், கம்ப்யூட்டரில் ஏறிவிட்டதே.

இதைத்தான் காலையிலிருந்து மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன்.

விரலை எடுத்தேன்

நாற்பத்து மூன்றாவது நிமிடத்தில் சாக்ஸபோன் ஓய்ந்தது. கைதட்டல் வந்தது. சார்வாள் கண்ணைத் திறந்தார். அவர் இந்த இடத்தைத் தாண்டி ஒருநாளும் கேட்டதில்லை.

பெயர் வாசித்தார்கள். ஒன்று. இரண்டு. மூன்றாவது பெயர் வந்ததும் சார்வாள் பென்சிலால் எழுதிக்கொண்டு, “கெடச்சிட்டுவே” என்றார் மெதுவாக.

என் விரல் பொத்தானைப் பாதி இறக்கிவிட்டது.

“அண்ணாச்சி, கையெடுங்க” என்றார் பாய். என்னைப் பார்க்கவில்லை. ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். “தொட்டியன்னா செத்துரும்.”

கண்ணாடிக்குள் அந்தக் கசங்கிய துண்டு நெளிந்து நெளிந்து உருளைக்குள் போய்க்கொண்டிருந்தது. தறியில் பாவு நூல் அறுந்துவிடுமோ என்று தெரிகிற நேரத்தில் என் கை தானாக விலகும். எத்தனையோ வருடப் பழக்கம். அன்றும் விலகியது. வேண்டுமென்று எடுத்தேனா, கை எடுத்துக்கொண்டதா, எனக்கே தெரியாது. எடுத்தேன்.

நாற்காலி இழுபடும் சத்தம். அப்புறம் எங்கள் ஊர்ப் பக்கத்துத் தமிழ், ஸ்பீக்கரில்:

“முடிஞ்சிட்டு போல. ஏ சங்கரா, ஒம் பெட்டி பத்திரமா இருக்குலே. பத்து நிமிசங்கூட ஒனக்கு உக்கார முடியல. போறவன் சும்மா போனியா? இரும்புக் கதவ ஒரு அறை அறைஞ்ச பாரு, எனக்குக் கையே ஆடிப்போச்சு. செத்த மூதி.”

டக்கென்று நின்றது. டேப் பத்திரமாக மறுபக்கம் சேர்ந்திருந்தது.

சார்வாள் பென்சிலைக் கீழே வைத்தார். கண்ணாடியைக் கழற்றினார். நான் எதிர்பார்த்த கேள்வியை அவர் கேட்கவில்லை.

“கதவாவே?”

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அந்த டேப்பில் பதினோராவது நிமிடத்தில் ‘தொம்’ என்று ஒரு சத்தம் விழும். அதற்குப் பிறகு டிரம் ஓங்கிக் கேட்கும். உலகத்துச் சேகரிப்பாளர்களெல்லாம் அந்த ஒரு அடியைப் பற்றி வருடக்கணக்காக விவாதம் செய்கிறார்கள். சார்வாள் அதில் பெரிய புள்ளி.

“கதவுதான் சார்வாள்.”

“பதினோராம் நிமிசம்?”

“ஆமா.”

“டிரம்காரன் கால வச்சு மிதிச்சு பாட்ட ரெண்டாப் பிரிக்கான்னு நான் மூணு பக்கம் எழுதுனேம்லாவே. இல்லன்னு சொன்ன ஜப்பான்காரன்கூட ரெண்டு வருசமாப் பேச்சில்ல. நான் எழுதையில பக்கத்துல உக்காந்து தலைய ஆட்டுனீரே. ஒமக்கு மனசாட்சின்னு ஒண்ணு இருக்கா?”

பாய் கேசட்டை வெளியே எடுத்துத் துணியில் சுற்றிக்கொண்டே சொன்னார்: “நம்ம கடைக்கு வாறவன் போறவன்ட்ட எல்லாம் சொல்லிருக்கியளே அண்ணாச்சி, மடியில வச்சு மூச்ச அடக்குனேன்னு. மூச்சு யாரு மூச்சு?”

சார்வாள் எழுந்து வெளியே போனார். கதவைச் சாத்தக்கூட இல்லை. திறந்தே கிடந்தது. தெருவில் ஒரு சத்தமும் இல்லாததால் அவர் செருப்புச் சத்தம் முக்கு திரும்புகிற வரைக்கும் கேட்டது. இனி இந்த மனிதர் வர மாட்டார் என்று நினைத்தேன். இங்கிலீஷில் எழுதவும் வாசிக்கவும் எனக்கு அவர்தான் கை, கண். முதன்முதலாகக் கப்பல் ஏறிய அன்றைக்குக்கூட நான் அவ்வளவு தனியாக இருந்ததில்லை.

ஒன்றேகால் மணிக்குத் திரும்பி வந்தார். உட்காரவில்லை.

“கம்பெனிக்கு எழுதணும். உள்ளத எழுதுறதா இருந்தா நான் டைப் அடிக்கேன். ஆனா மொதல்ல டேப்புல பேசுன அந்த ஆளக் கூப்பிடும். கரண்டு வாறதுக்குள்ள.”

பெட்டி பாடுமாலே

இரண்டு மணிக்குக் கால் மணி நேரம் இருந்தது. நம்பர் என் போனில் இருந்தது. இத்தனை வருடமாக எடுக்காமல் இருப்பதற்காகவே பத்திரமாக வைத்திருந்த நம்பர்.

“யாரு?” என்றது குரல். டேப்பில் இருந்த குரல்தான், கொஞ்சம் துரு ஏறி.

“நான் சங்கரநாராயணன். சங்கரங்கோயில்.”

“ஏல, உசுரோடதான் இருக்கியா? நீ போய்ச் சேந்துட்டன்னு நினைச்சுல்லா போன கிறிஸ்துமஸோட போன் அடிக்கத நிறுத்துனேன்.”

டேப்பைப் பற்றிச் சொன்னேன். ரெக்கார்டாக வருகிறது என்றேன். நான் எடுத்ததாகச் சொல்லி வந்ததையும் சொன்னேன். இரண்டு பேர் பக்கத்தில் நிற்கும்போது அதைச் சொல்வது லேசில்லை.

“அப்ப இத்தன வருசமா என் காப்பி வராததுக்கு அதான் காரணமா?”

“அதான்.”

“சரி. எம் பேரப் போடு.”

“பெட்டி என்னதுல்லா மிக்கேலு. அதையும் ஓரமா...”

“பெட்டி பாடுமாலே? தும்மல் வந்தத மூக்கப் புடிச்சு அடக்கிட்டு உக்காந்திருந்தவன் நான். எம் பேரு மட்டும்.”

சார்வாள் என் கையிலிருந்து போனை வாங்கினார். வாத்தியார் குரலில் கேட்டார்: “அண்ணாச்சி, நான் சாமுவேல். ஒரே ஒரு சந்தேகம். அந்தக் கதவுச் சத்தத்துக்கு அப்புறம் டிரம் ஓங்கிக் கேக்குதே. அவரு அடிச்சது கூடிச்சா?”

“அவன் எப்பவும் போலதான் அடிச்சான். எனக்குத்தான் கை ஆடி மைக்கு அவன் பக்கமாத் திரும்பிட்டு. திருப்பி வச்சா சத்தம் விழுமேன்னு அப்படியே விட்டுட்டேன்.”

சார்வாள் போனை என்னிடம் கொடுத்துவிட்டுச் சுவரைப் பார்த்து நின்றார். அவர் எழுதிய மூன்று பக்கமும் வீணாகிவிட்டது. பாய் வாயைத் துண்டால் மூடிக்கொண்டார்.

அப்போது கரண்டு வந்தது. பக்கத்துக் கூடத்தில் ஒரு தறி, அடுத்து ஒன்று, அப்புறம் தெரு முழுக்க.

“என்னலே சத்தம் அது?” என்றான் மிக்கேல்.

“தறி.”

“நான் அந்தப் பாட்டத்தான் மறுபடி போட்டுட்டியோன்னு பாத்தேன்.”

அட்டையில் எழுதியது

கம்பெனிக்குச் சார்வாள் எழுதினார். பதிவு செய்தவர்: மிக்கேல், தூத்துக்குடி. அதற்குக் கீழே இன்னொரு வரி சேர்க்கச் சொன்னேன். வெட்கமாக இல்லையாவே என்று கேட்டார். இல்லை என்றேன். பதினோராம் நிமிடத்தில் கதவு: சங்கரநாராயணன், சங்கரன்கோவில். அவர்கள் சரி என்று பதில் போட்டார்கள். அந்தச் சத்தத்தைத் துடைக்கப் போவதில்லை என்றும் எழுதியிருந்தார்கள். ஆக, அந்த ரெக்கார்டில் நான்கு பேர் சத்தம் எழுப்பியிருக்கிறோம். நான்காவது ஆள் நான். இதை எந்த ஊரில் வேண்டுமானாலும் சொல்வேன்.

பாய் மிக்கேலுக்கு ஒரு காப்பி போட்டுத் தந்தார். தொடக்கத்திலிருந்து முடிவுவரை, வெட்டாமல். தபாலில் போட மனம் வரவில்லை. காலை பஸ்ஸில் ஏறினேன். தூத்துக்குடியில் இறங்கி, கேட்டுக் கேட்டு அவன் வீட்டைக் கண்டுபிடிக்க மத்தியானம் ஆகிவிட்டது. கதவு ஒருக்களித்துக் கிடந்தது. அந்தக் கேசட்டைச் சட்டைப் பையில் தொட்டுப் பார்த்துக்கொண்டு வாசலில் கொஞ்ச நேரம் நின்றேன்.

உள்ளே பிரம்பு நாற்காலியில் ஒரு கிழவன். முடியெல்லாம் கொட்டியிருந்தது. என்னைக் கால் முதல் தலை வரை பார்த்தான்.

“வா” என்றான். “கதவப் பையச் சாத்து.”